வீட்டுக் கடன்: கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டுக் கடன் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த வங்கியில் வட்டி குறைவு?" என்றுதான். அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். விளம்பரத்தில் இருப்பது இன்றைய வட்டி. நீங்கள் கட்டப்போவதோ பதினைந்து, இருபது ஆண்டு வட்டி. இடையில் அது எப்படி மாறும், ஏறினால் உங்களுக்கு என்ன வழி இருக்கும், வேறு வங்கிக்குப் போக நினைத்தால் என்ன செலவாகும் என்பதையெல்லாம் முதலில் கேட்க வேண்டும். இவற்றுக்குத் தெளிவான பதில் தரும் கடன், கால் சதவீதம் கூடுதலாக இருந்தாலும், பதில் தராத கடனைவிட மேல் என்பது என் உறுதியான கருத்து. இந்தியாவில் இப்போதுள்ள விதிகளை வைத்து, ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

எவ்வளவு கடன் தாங்கும்?

வங்கி உங்களுக்கு எவ்வளவு தரும் என்பதும், உங்களால் எவ்வளவு தாங்க முடியும் என்பதும் ஒரே தொகையாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் எல்லாத் தவணைகளும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் ஏறத்தாழ பாதிக்குள் அடங்குகின்றனவா என்றுதான் பெரும்பாலான வங்கிகள் பார்க்கும். பள்ளிக் கட்டணமும் பெற்றோரின் மருத்துவச் செலவும் அந்தக் கணக்கில் வராது. அதனால் வங்கியின் கணக்கைப் பார்ப்பதற்கு முன் உங்கள் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 50 லட்சம் ரூபாய், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை சுமார் 43,391 ரூபாய். கடைசி வரை கட்டினால் வட்டி மட்டும் 54 லட்சத்தைத் தாண்டும். இதே கடனை 15 ஆண்டில் முடித்தால் தவணை 49,237 ரூபாய், வட்டி 38.6 லட்சம். 30 ஆண்டுக்கு நீட்டினால் தவணை 38,446 ரூபாய்தான், ஆனால் வட்டி 88 லட்சத்தைக் கடக்கும். இருபதை முப்பதாக்குவதால் மாதம் ஐயாயிரம் ரூபாய் கைக்கு மிஞ்சுகிறது. அதற்கு விலையாக 34 லட்சம் ரூபாய் வட்டி கூடுகிறது. தவணையைக் குறைத்துக் காட்டி காலத்தை நீட்டும் யோசனையை யார் சொன்னாலும் இந்தக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள்.

அடுத்து, வட்டி இரண்டு சதவீதம் ஏறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 10.5 சதவீதத்தில் அதே 20 ஆண்டுக் கடனுக்குத் தவணை 49,919 ரூபாய். அந்தத் தொகையையும் தடுமாறாமல் கட்ட முடியும் என்றால் மட்டும் 50 லட்சம் வாங்குங்கள். இது வீண் பயமல்ல. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வீதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமானது. ஒரே ஆண்டுக்குள் இரண்டரை சதவீதம். 2025 பிப்ரவரியில்தான் அது இறங்கத் தொடங்கியது.

ஆறு மாதத் தவணைக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்த பிறகே கடனுக்குப் போவது நல்லது. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் கடன் வாராக் கடனாகிவிடும். பிறகு 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு கொடுத்து வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம்.

கைப்பணம்: பலர் தவறவிடும் கணக்கு

வீட்டின் முழு மதிப்புக்கும் கடன் கிடைக்காது. ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு இது: 30 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் இந்த மதிப்பில் சேராது. வீட்டின் விலை 10 லட்சத்துக்கு மேல் போகாதபோது மட்டும் விதிவிலக்கு உண்டு.

60 லட்சம் ரூபாய்க்குத் தமிழ்நாட்டில் ஒரு பழைய வீட்டை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் அதிகபட்சம் 48 லட்சம். மீதி 12 லட்சம் உங்களுடையது. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இன்னும் 5.4 லட்சம் வேண்டும். (கட்டுநரிடம் நேரடியாக வாங்கும் புதிய அடுக்குமாடி வீட்டுக்குத் தீர்வையில் சலுகை உண்டு.) வங்கிக் கட்டணங்கள், வழக்கறிஞர், சிறு பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்தால் 18 லட்சத்துக்கு மேல் கையில் இருந்தாக வேண்டும். அதோடு வங்கியின் மதிப்பீட்டாளர் அந்த வீட்டை 55 லட்சம் என்று எழுதிவிட்டால் கடன் 44 லட்சமாகச் சுருங்கும், பள்ளம் இன்னும் பெரிதாகும். அந்தப் பள்ளத்தைத் தனிநபர் கடனால் நிரப்புவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வட்டி அதிகம், காலம் குறைவு, தொடக்க ஆண்டுகளிலேயே மூச்சுத் திணறும். விலை குறைந்த வீட்டைப் பாருங்கள், அல்லது ஓராண்டு காத்திருங்கள்.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் வருமானத்தை வைத்து வங்கியிடம் கொள்கை அளவிலான ஒப்புதலை வாங்கிவிடுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில், கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்பும் என்ற வரியை எழுதச் சொல்லுங்கள். விற்பவர் தயங்குவார். ஆனாலும் கேளுங்கள்.

இதே கட்டத்தில் உங்கள் கடன் வரலாற்றையும் எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதிலுள்ள கடன் மதிப்பெண் 300 முதல் 900 வரை. பல வங்கிகள் வட்டியை நிர்ணயிப்பதே இதைப் பார்த்துத்தான். எப்போதோ முடித்த கடன் இன்னும் நிலுவை என்று காட்டுவது, யாரோ ஒருவரின் கடன் உங்கள் பெயரில் ஏறியிருப்பது போன்ற பிழைகளைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகலாம். விண்ணப்பத்துக்குச் சில மாதம் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

வட்டி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?

மற்ற எதை வேகமாகக் கடந்தாலும் இங்கே நின்று படியுங்கள்.

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் எல்லாம் வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்கப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பெரும்பாலான வங்கிகள் ரெப்போ வீதத்தைத் தேர்ந்தெடுத்தன. உங்கள் வட்டி என்பது ரெப்போவும் அதன் மேல் வங்கி வைக்கும் கூடுதல் சதவீதமான ஸ்ப்ரெட்டும் சேர்ந்தது. ரெப்போ அவ்வப்போது மாறும், எல்லா வங்கிக்கும் ஒன்றுதான். ஆகவே இரண்டு வங்கிகளின் ரெப்போ கடன்களை ஒப்பிடும்போது உண்மையில் நீங்கள் ஒப்பிடுவது ஸ்ப்ரெட்டைத்தான். அது ஏறக்குறைய கடன் முழுவதும் உங்களோடு வரும். உங்கள் கடன் தரத்தில் பெரிய மாற்றம் ஏற்பட்டால் ஒழிய வங்கி அதிலுள்ள இடர்ப் பங்கை உயர்த்தக்கூடாது, மற்றக் கூறுகளையும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் உயர்த்தக்கூடாது.

"இன்று வட்டி எவ்வளவு?" என்று கேட்காமல், "ரெப்போவுக்கு மேல் எவ்வளவு?" என்று கேளுங்கள். முதல் ஆண்டுக்கு மட்டும் சலுகையா என்று கேளுங்கள். வட்டியை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை மறுநிர்ணயம் செய்வார்கள் என்றும் கேளுங்கள். விதிப்படி குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்தாக வேண்டும். அரை சதவீத வித்தியாசம் சிறியதாகத் தோன்றும். மேலே சொன்ன 50 லட்சம் கடனில் 8.5 சதவீதம் 9 ஆனால் தவணை 1,595 ரூபாய் கூடுகிறது, 20 ஆண்டில் 3.8 லட்சம் ரூபாய்.

வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு இந்த வெளி அளவுகோல் விதி கிடையாது. அவை தங்கள் சொந்த அடிப்படை வீதத்தை வைத்துக்கொள்ளலாம். ரெப்போ இறங்கினால் அந்த வீதம் எப்போது, எவ்வளவு இறங்கும் என்பது நிறுவனத்தின் முடிவு. அதற்காக அவற்றை ஒதுக்கச் சொல்லவில்லை. சம்பளச் சீட்டு இல்லாத வியாபாரிகளுக்கும் சிறு ஊர்களில் வீடு கட்டுவோருக்கும் வங்கி மூடும் கதவை அவை திறக்கின்றன. ஆனால் அங்கே கடன் வாங்கினால், கடந்த சில ஆண்டுகளில் பழைய வாடிக்கையாளர்களுக்கு வீதம் எப்படி ஏறி இறங்கியது என்பதைக் கேட்டு வாங்குங்கள். புதியவர்களுக்கு ஒரு வட்டி, பழையவர்களுக்கு ஒரு வட்டி என்று நடப்பது உண்டு. அப்போது பழையவர் குறைந்த வட்டிக்கு மாற எவ்வளவு கட்டணம் என்பதையும் இப்போதே எழுத்தில் பெறுங்கள்.

நிலையான வட்டி என்று சொல்லப்படும் கடன்களில் பல, இரண்டு அல்லது மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு மட்டும் நிலையாக இருந்து பிறகு மாறும் வட்டியாகிவிடுபவை. ஒப்பந்தத்தில் "மறுநிர்ணயம்" என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடுங்கள். கடைசி வரை நிலையாக இருக்கும் வட்டி பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். நீண்ட காலக் கடனுக்கு மாறும் வட்டியையே நான் விரும்புவேன், முன்கூட்டிக் கட்டும் சுதந்திரம் அதில்தான் அதிகம்.

வட்டி ஏறும்போது நடப்பது

வட்டி ஏறினால் தவணையை அப்படியே விட்டு மாதங்களைக் கூட்டுவது நிறுவனங்களின் பழைய வழக்கம். தொகை மாறாததால் கடன் வாங்கியவருக்குத் தெரியவே தெரியாது. நம் எடுத்துக்காட்டையே பாருங்கள். முதல் மாதத் தவணை 43,391 ரூபாயில் 35,417 வட்டிக்குப் போகிறது, அசலில் கழிவது 7,974 தான். தொடக்கத்திலேயே வட்டி 10.5 சதவீதமாகிவிட்டால் ஒரு மாத வட்டியே 43,750 ரூபாய். தவணை வட்டிக்கே போதாது, கட்டக் கட்டக் கடன் வளரும்.

ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் இதற்குக் கடிவாளம் போட்டது. தவணை வட்டியைக்கூட ஈடுகட்டாத அளவுக்குக் காலத்தை நீட்டக்கூடாது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தைக் கூட்டுவதா, இரண்டையும் கலப்பதா, ஒரு பகுதியை முன்கூட்டிக் கட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. ஒவ்வொரு காலாண்டும் இதுவரை கட்டிய அசல், வட்டி, மிச்சமுள்ள தவணைகள், ஆண்டு வட்டி ஆகியவற்றைக் காட்டும் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையில் மிச்சமுள்ள தவணைகளின் எண்ணிக்கையை மட்டுமாவது தவறாமல் பாருங்கள். கடன் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை அதுவே சொல்லிவிடும்.

செலவுகள் அனைத்தும் ஒரே தாளில்

பரிசீலனைக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., சட்டக் கருத்துக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், உரிமை ஆவண ஒப்படைப்பைப் பதிவுசெய்யும் செலவு என்று பட்டியல் நீளும். 2024 அக்டோபர் 1 முதல் ஒப்புதலாகும் கடன்களுக்கு 'முக்கிய விவர அறிக்கை' தருவது கட்டாயம். வங்கியில் கே.எஃப்.எஸ். என்பார்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் விதி, ஆகவே தமிழில் கேட்கத் தயங்காதீர்கள். வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு சதவீத வீதம் அதில் இருக்கும். இரண்டு கடன்களை நேர்மையாக ஒப்பிட அந்த ஒரு எண் போதும். அறிக்கையில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்கக்கூடாது. யோசிப்பதற்குக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. "இன்றே கையெழுத்துப் போட்டால்தான் இந்த வட்டி" என்று அவசரப்படுத்துகிறவரிடம் இந்த விதியைச் சொல்லுங்கள்.

காப்பீடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடனோடு ஆயுள் காப்பீட்டையும் சேர்த்து, முழுப் பிரீமியத்தையும் கடன் தொகையில் ஏற்றிவிடுவது பரவலாக நடக்கிறது. அந்தப் பிரீமியத்துக்கும் இருபது ஆண்டு வட்டி கட்டுவீர்கள். பாதுகாப்பு கட்டாயம் வேண்டும், அதில் இரண்டாம் பேச்சில்லை. குடும்பத்தை ஆதரிப்பவர் இல்லாமல் போனால் கடன் வீட்டில் உள்ளவர்கள் தலையில் விழும். ஆனால் கடன் தொகைக்கு ஈடான டேர்ம் காப்பீட்டை (குறிப்பிட்ட காலத்துக்கு உயிர்ப் பாதுகாப்பு மட்டும் தருவது) நீங்களே தனியாக எடுத்தால் விலையை ஒப்பிடலாம், வங்கி மாறினாலும் அது தொடரும். குறிப்பிட்ட நிறுவனத்தின் பாலிசியை எடுத்தால்தான் கடன் என்று சொன்னால் அந்த நிபந்தனையை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் பெரும்பாலும் வராது.

வங்கியின் வழக்கறிஞர் வங்கிக்கானவர்

கடன் கிடைத்துவிட்டது, ஆகவே பத்திரம் சுத்தம் என்று நம்புவது ஆபத்து. தன் பணத்துக்கு ஈடு இருக்கிறதா என்றுதான் வங்கி பார்க்கிறது. தாய்ப் பத்திரம் முதலான தொடர் ஆவணங்கள், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவு அனுமதி, கட்டட அனுமதி ஆகியவற்றை உங்கள் சொந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அடுக்குமாடி என்றால் ரேரா (வீட்டு மனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் இணையத்தில் சரிபாருங்கள். ஒரு வங்கி சட்டக் காரணத்துக்காக மறுத்த சொத்துக்கு வேறொரு நிறுவனம் கூடுதல் வட்டியில் கடன் தர முன்வந்தால் மகிழ வேண்டாம். முதல் வங்கி எதைப் பார்த்துப் பின்வாங்கியது என்று கண்டுபிடியுங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குக் கடன் தவணை தவணையாக வெளிவரும். அதுவரை வெளிவந்த தொகைக்கு வட்டியை மட்டும் கட்டுவதை 'ப்ரீ-இ.எம்.ஐ.' என்பார்கள். இதில் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. வாடகையும் ப்ரீ-இ.எம்.ஐ.யும் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டு இழுத்தால் தாங்குமா என்று முதலிலேயே பாருங்கள். முடிந்தவர்கள் முழுத் தவணையையே தொடக்கத்திலிருந்து கட்டக் கேட்கலாம். கட்டுமானம் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்கு மட்டுமே பணம் போக வேண்டும். கட்டுநர் அவசரப்படுத்துகிறார் என்று முன்கூட்டியே விடுவிக்கச் சம்மதிக்காதீர்கள். வட்டி, பணம் உண்மையில் கைமாறிய நாளிலிருந்துதான் ஓட வேண்டும், ஒப்புதல் நாளிலிருந்தோ ஒப்பந்த நாளிலிருந்தோ அல்ல. 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி இதைக் கண்டித்தே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. முதல் கணக்கு அறிக்கை வந்ததும் இந்தத் தேதியைச் சரிபாருங்கள்.

கூட்டாகக் கடன் வாங்கினால் தகுதி கூடும், மனைவி பெயரும் உரிமையில் இருந்தால் சில வங்கிகள் வட்டியில் சிறு சலுகை தருகின்றன. ஆனால் இணை விண்ணப்பதாரர் ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு, பாதிக்கு அல்ல. உரிமையில் பங்கில்லாமல் கடனில் மட்டும் பெயர் கொடுக்கச் சொல்லி அண்ணனோ தங்கையோ கேட்டால், இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

வெளியேறும் வழி

தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக்கூடாது. வங்கிகளுக்கு 2012 முதலே இந்த விதி இருக்கிறது. நிலையான வட்டிக் கடனுக்கு நிபந்தனை வேறாக இருக்கலாம், ஒப்பந்தத்தில் பாருங்கள். இந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்துங்கள். ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே நம் எடுத்துக்காட்டில் 20 ஆண்டுக் கடன் மூன்று ஆண்டுக்கு மேல் முன்னதாக முடிகிறது. கூடுதல் பணம் கட்டும்போது "தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். தொடக்க ஆண்டுகளில் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பலன் அதிகம்.

சேமிப்புக் கணக்கில் எப்போதும் கணிசமான பணம் வைத்திருப்பவர்கள், குறிப்பாகச் சொந்தத் தொழில் செய்கிறவர்கள், அதிகப்பற்று வகை வீட்டுக் கடனைக் கேட்டுப் பார்க்கலாம். கணக்கில் போட்டு வைக்கும் பணத்துக்கு ஈடான கடனுக்கு அந்த நாட்களில் வட்டி இல்லை, வேண்டும்போது பணத்தை எடுத்துக்கொள்ளலாம். வட்டி சற்றுக் கூடுதலாக இருக்கும். சம்பளம் வந்த வாரத்திலேயே கரைந்துவிடும் வீட்டுக்கு இது பயன்படாது.

வேறு வங்கிக்கு மாற்றுவதாக இருந்தால், முதலில் இருக்கும் வங்கியிடமே வட்டியைக் குறைக்கக் கேளுங்கள். கட்டணம் கட்டி மாறிக்கொள்வது பெரும்பாலும் மலிவு. மறுத்தால் மட்டும் புதிய வங்கி. அங்கே பரிசீலனைக் கட்டணமும் ஆவண ஒப்படைப்புப் பதிவும் மறுபடி வரும். கடனின் முதல் பாதியில் மாற்றினால்தான் இந்தச் செலவை மீறி மிச்சமாகும்.

வரிச் சலுகைக்காகக் கடனைப் பெரிதாக்காதீர்கள். பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டியும், 1.5 லட்சம் என்ற பொது வரம்புக்குள் அசலும் கழிக்கலாம். இயல்பான முறையாகிவிட்ட புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்த இரண்டும் இல்லை. அதைவிட முக்கியமாக, குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து நாட்டில் எங்கும் சொந்த வீடு இல்லை என்றால், பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0-இன் வட்டி மானியத்தைப் பற்றி வங்கியில் கேளுங்கள். வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருந்தால் அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

ஒப்படைத்த ஆவணங்கள்

அசல் பத்திரங்களைக் கொடுக்கும் நாளில், ஒவ்வொன்றின் எண், தேதி, பக்கங்களோடு வங்கி முத்திரையிட்ட பட்டியலை வாங்குங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வீட்டில் இருவருக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கடைசித் தவணை கட்டியதும் நிலுவை இல்லாச் சான்று வாங்குங்கள். பட்டியலை வைத்து ஒவ்வொரு ஆவணத்தையும் சரிபாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிவுசெய்து அடமானப் பதிவை நீக்கச் செய்யுங்கள். சில வாரம் கழித்துப் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, அந்த ரசீது அதில் ஏறியிருக்கிறதா என்றும், கடன் அறிக்கையில் கணக்கு 'முடிந்தது' என்று காட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.